கடவுச்சொல்லும் கைநாட்டே

(நெய்வேலி நகரியத்தில் ஊராட்சி அன்பர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, எரு, கிணறு, கடன், சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வட்டார வளர்ச்சி அலுவலரின் வழக்கம். இன்று கணினியைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் பேச நாம் வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் சற்று எண்ணிப் பாருங்கள். உழவர் உதவித் தொகை எவ்வழியாக வருகிறது? பயிர்க் காப்பீட்டுக்கு எதில் பதிகிறோம்? சிட்டாவும் பட்டாவும் எங்கிருந்து எடுக்கிறோம்? ஊராட்சியின் வரி, வீட்டு வரைபட ஒப்புதல், ஒப்பந்தக்காரருக்குச் செலுத்தும் தொகை, இவையாவும் இன்று கணினியின் வழியாகவே நடைபெறுகின்றன. விதையும் எருவும் கடனும் அந்தச் சிறு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, அப்பெட்டியின் காவலைப் பற்றிப் பேசாமல் வேளாண்மையைப் பற்றி மட்டும் பேசி என்ன பயன்?

குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம், பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஒன்றியங்களின் சிற்றூர்களில் ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எவ்வளவு எழுத்தறிவில்லாத முதியவரும் வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டார். கடன் கொடுப்பவர் எவ்வளவு வேண்டியவராயினும், "எழுத வேண்டியதை எழுதிப் படித்துக் காட்டுங்கள், பிறகு ரேகை வைக்கிறேன்" என்பார். வெற்றுப் பத்திரத்தில் ரேகை வைத்து நிலத்தை இழந்த குடும்பங்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அக்கதைகளே அந்த எச்சரிக்கையைக் கற்பித்தன.

அதே முதியவரின் பேரன் இன்று என்ன செய்கிறான்? முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்றால் உடனே சொல்லிவிடுகிறான். அந்த ஆறு இலக்கமே அவனுடைய கைநாட்டு. கடவுச்சொல் என்பதும் கைநாட்டே. மின்கையொப்பம் பதிந்த அந்தச் சிறு டோக்கனும் கைநாட்டே. வேறுபாடு ஒன்றுதான். ரேகை வைக்க நம் விரல் அவ்விடத்தில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை அறிந்தவன் எங்கிருந்து வேண்டுமானாலும், நாம் உறங்கும் வேளையிலும், நம் பெயரால் கைநாட்டு வைக்கலாம்.

கணினித் திருட்டு என்றவுடன் கடல் கடந்த நாட்டில் எவனோ ஒரு மேதை இருட்டறையில் அமர்ந்து பூட்டை உடைப்பதாகப் பலர் கற்பனை செய்து கொள்கின்றனர். அத்தகைய திருட்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் சிற்றூர்களில் நேர்ந்த இழப்புகளில் பெரும்பாலானவை பூட்டை உடைத்ததால் நேர்ந்தவை அல்ல. சாவியை நாமே எடுத்துக் கொடுத்ததால் நேர்ந்தவை. இதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம்முடைய கடலூர் மாவட்டமே சான்று.

பிரதம மந்திரியின் உழவர் உதவித் திட்டத்தை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 2019 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 ஆம் நாள் அது தொடங்கி வைக்கப்பெற்றது. நிலமுள்ள உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரே சேரும். விண்ணப்பத்தை இணையத்தின் வழியே பதியலாம். பதிந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் அதிகாரம் அலுவலர்களிடம் இருந்தது. அவ்வதிகாரம் ஒரு பயனர் பெயரிலும் ஒரு கடவுச்சொல்லிலும் அடங்கியிருந்தது.

2020 ஆம் ஆண்டு, கொரோனாத் தொற்றின் காலம். ஆகஸ்டு மாதத்தில் கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் முதலிய மாவட்டங்களில் பயனாளிகளின் எண்ணிக்கை திடீரென்று பெருகியிருப்பது தெரிய வந்தது. புலன் விசாரித்தபோது, நிலமே இல்லாதவர்களும், பயிர்த்தொழிலுக்குத் தொடர்பே இல்லாதவர்களும் உழவர்களாகப் பதிவாகியிருந்தனர். ஏறத்தாழ 5.5 இலட்சம் தகுதியற்றோர் சேர்க்கப்பட்டனர் என்றும், 110 கோடி ரூபாய் அளவில் முறைகேடு நடந்தது என்றும் அக்காலத்தில் வேளாண்மைத் துறைச் செயலாளர் அறிவித்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவல் பிரிவினரிடம் சென்றது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர், அலுவலர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, இடைத்தரகர்கள் கைதாயினர்.

இவ்வளவு பெரிய முறைகேட்டுக்கு எந்தப் பூட்டு உடைக்கப்பட்டது? ஒன்றும் இல்லை. அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியார் கைக்குப் போயின. தரகர்களும் கணினி மையத்தாரும் அச்சொல்லைக் கொண்டு தாமே விண்ணப்பத்தைப் பதிந்து, தாமே ஒப்புதலும் அளித்தனர். கணினிக்கு ஆளைத் தெரியாது. சொல் சரியாக இருந்தால் கதவைத் திறக்கும். அது தன் கடமையைச் சரியாகவே செய்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுத்தவர்கள் அனைவரும் பணத்துக்காகவே கொடுத்தார்கள் என்று நாம் சொல்லத் துணியோம். அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். ஆனால் அலுவலகங்களின் நடைமுறையை நாம் அறிவோம். வேலை மலைபோல் குவிகிறது. அலுவலர் முகாமுக்குப் போக வேண்டும். "ஐயா, அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், நாங்கள் முடித்து வைக்கிறோம்" என்று உதவியாளர் கேட்கிறார். நல்ல பையன், நம்பிக்கையானவன். சொல்லிவிடுகிறார். நாளை அவ்வுதவியாளர் தன் வேலை குறைய வேண்டிக் கணினி மையத்து நண்பருக்குச் சொல்கிறார். மூன்றாவது கை மாறிய பிறகு அச்சொல் ஊர்ப்பொதுச் சொத்தாகிவிடுகிறது. மேசைக் கண்ணாடிக்கு அடியிலும், நாட்காட்டியின் பின்புறத்திலும், ஏன், சுவரிலேயே பென்சிலாலும் கடவுச்சொல் எழுதப்பட்டிருப்பதை நாம் ஆய்வுக்குச் சென்ற இடங்களில் கண்டதுண்டு.

மக்கள் பக்கத்திலும் ஒரு கதவு திறந்து கிடந்தது. கொரோனாக் காலத்து உதவித் தொகை வரப்போகிறதென்று சொல்லிப் பலரிடம் ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் வாங்கப்பட்டன என்று அந்நாளில் செய்திகள் வந்தன. கொடுத்தவர்களில் பலர் ஏழைகள். தம் பெயரில் உழவரென்று ஒரு பொய்ப் பதிவு எழுந்தது என்பதையே அவர்கள் அறியார். கணக்கில் பணம் வந்தது, மகிழ்ந்தனர். பின்னர் அரசு அதனைத் திரும்பக் கேட்டது, கணக்குகள் முடக்கப்பட்டன. செலவாகிவிட்ட பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிய தொல்லை அவர்கள் தலையில் விழுந்தது. உண்மையான உழவர்களோ மறு சரிபார்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி ஊராட்சியின் பக்கம் வருவோம். 2020 ஏப்ரல் 24 ஆம் நாள் இ-கிராம சுவராஜ் என்னும் இணைய ஏற்பாடு தொடங்கப்பட்டது. நிதிக்குழு மானியத்திலிருந்து செலவிடும் தொகைக்கு அதன் வழியே மின்கையொப்பம் இட்டாலன்றிப் பணம் செல்லாது. ஒருவர் தயாரிக்க, மற்றொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் அமைப்பு. காசோலையில் இருவர் கையொப்பம் வேண்டும் என்று நம் முன்னோர் வைத்த விதியின் புது வடிவமே இது. ஒருவர் தவறினாலும் மற்றவர் தடுக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆனால் இரண்டு டோக்கன்களும் ஒரே மேசை இழுப்பறையில், இரண்டின் இரகசிய எண்ணும் ஒரே துண்டுச் சீட்டில் இருக்குமாயின், இருவர் கையொப்பம் என்னும் விதி எங்கே நிற்கிறது? சில இடங்களில் அவை ஊராட்சி அலுவலகத்தில்கூட இருப்பதில்லை. பக்கத்துக் கடைத்தெருவின் பிரவுசிங் சென்டரில், "எப்போதும் அவர்தான் போட்டுத் தருவார்" என்று கொடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைத் தேநீர்க் கடையில் கொடுத்து வைப்போமா? இதுவும் அதுவும் ஒன்றே.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன்படி மின்கையொப்பத்துக்குக் கைக்கையொப்பத்தின் மதிப்பு உண்டு. அதன் 42 ஆம் பிரிவு, கையொப்பத்துக்குரிய இரகசியத் திறவை வேறொருவர் கைக்குப் போகாமல் காக்கும் பொறுப்பை உரியவர் மேலேயே வைக்கிறது. அது பிறர் கைக்குப் போய்விட்டதென்று தெரிந்தால் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பிறருடைய மின்கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும், ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. தணிக்கையில் கேள்வி எழும்போது, "நான் போடவில்லை, கடைக்காரர் போட்டார்" என்னும் விடை செல்லாது. பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்.

ஆகையால் பெண் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் தனியாக ஒரு சொல். உங்கள் டோக்கனைக் கணவரோ மகனோ வைத்திருப்பது உங்களுக்கு உதவி போலத் தோன்றும். உங்கள் பெயரால் ஒப்பமிடப்படும் ஒவ்வொரு தொகைக்கும் விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். அதைச் சொருகவும், எண்ணை அழுத்தவும் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். தையல் இயந்திரத்தில் நூல் கோக்கக் கற்றதைவிட இது எளிது.

இதுவரை சொன்னது சாவியைப் பற்றி. வீட்டையும் சற்றுப் பார்க்க வேண்டும்.

2017 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் "வான்னாக்ரை" என்னும் கணினிக் கிருமி உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளி வைக்கப்பட்டன. இச்செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்கள், எங்கோ சீமையில் நடந்தது என்று தாளை மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் சில நாள்களுக்குள் அது நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் புகுந்தது. அலுவலகம் திறந்து கணினியை முடுக்கினால் கோப்புகள் திறக்கவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது: 300 டாலரைப் பிட்காயினாகச் செலுத்தினால் கோப்புகளைத் திறந்து தருவோம் என்று. சிற்றூர் ஊராட்சியின் கணினியை யார் தேடி வரப்போகிறார்கள் என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். கிருமி முகவரி பார்த்து வருவதில்லை. திறந்த கதவைக் கண்டால் நுழைகிறது.

அக்கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் இடைவெளி. அத்திருத்தத்தை ஏற்றியிருந்த கணினிகளுக்கு அவ்வோட்டை வழியே தீங்கு வரவில்லை. கணினியின் மூலையில் "புதுப்பிக்கவா?" என்று எழும் அறிவிப்பை, "பிறகு பார்ப்போம்" என்று நாம் ஒவ்வொரு நாளும் தள்ளிவிடுகிறோமே, அதன் பொருள் இதுதான். சிலர் அவ்வறிவிப்பே வராதபடி கணினிக் கடைக்காரரிடம் சொல்லி நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வது!

நெய்வேலியில் இருந்துகொண்டு இதை விளக்க நமக்கு வேறு உவமை தேவையில்லை. 1957 மே 20 ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரியை எடுப்பதில் பொறியாளர்களை மிகவும் கலங்க வைத்தது கரியைக் காட்டிலும், கரிப் படிவத்துக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரே. அந்நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருந்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்து வெள்ளம் மேலெழும். ஆகவே வேலை நடக்கும் நாளிலும், விடுமுறையிலும், பொங்கலன்றும் பம்புகள் ஓடுகின்றன. (அந்த இறைப்பினால் சுற்றுப்புறக் கிணறுகளுக்கு என்ன ஆயிற்று என்பதில் உங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அது வேறொரு கூட்டத்துக்குரிய பேச்சு.) கணினியின் காவலும் அப்படிப்பட்டதே. ஒரு முறை செய்து முடித்துவிடும் வேலை அன்று. ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பம்பு.

விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு வழக்கமாக இலவசமாய்த் தரப்பட்டு வந்த திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றன. ஊராட்சிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், மகளிர் குழுக்களிலும் பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கணினி எப்பதிப்பில் ஓடுகிறது என்று பார்த்து, பழையதாயின் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதித் தாருங்கள். கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தந்த திருட்டுப் பதிப்பு இருந்தாலும் சொல்லுங்கள். திருட்டுச் சாமானோடு திருடனும் உள்ளே வருவது இத்துறையில் மிகவும் சாதாரணம்.

கோப்புகளின் நகலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவோம். வரிப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, தீர்மானங்கள் ஆகியவற்றை வாரத்துக்கு ஒரு முறை வெளி வட்டில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, பீரோவில் பூட்டி வையுங்கள். கழற்றுவது முக்கியம். சொருகியே வைத்திருந்தால் கிருமி கணினியோடு சேர்த்து அந்த நகலையும் பூட்டிவிடும். நகல் கையில் இருப்பவனை மிரட்டிப் பணம் கேட்க முடியாது. இல்லாதவன் நிலை வேறு. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளிலேயே இத்தகைய கிருமி புகுந்து 1,950 டாலர் கேட்டது. 2022 ஏப்ரலில் அசாமின் துலியாஜான் நகரில் உள்ள ஆயில் இந்தியா நிறுவனத்திடம் 75 இலட்சம் டாலர் கேட்டார்கள். அந்நகரமும் நெய்வேலியைப் போல மண்ணுக்கடியில் இருக்கும் பொருளை நம்பி எழுந்த நகரமே. பெரிய இடங்களுக்கே இப்படியென்றால் நமக்கு என்ன நேரும் என்று அஞ்சி உட்கார வேண்டியதில்லை. நகலெடுக்கும் வேலை பெரிய இடத்துக்கும் சிறிய இடத்துக்கும் ஒன்றே. சிறிய இடத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

உழவர் பெருமக்களே, இனி உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி. இதுவும் ஒரு கணினியே.

சுற்றுவட்டார ஊர்களில் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் பல. தலைமுறை தலைமுறையாக முந்திரியும் நெல்லும் விளைந்த மண், இன்று வங்கிக் கணக்கில் ஓர் எண்ணாக நிற்கிறது. மண்ணாக இருந்தவரை அதை ஒருவன் இரவோடு இரவாகத் தூக்கிப் போக முடியாது. வரப்பை ஒரு முழம் நகர்த்தினாலே ஊர் கூடிவிடும். எண்ணாக மாறிய பிறகு, ஆறு இலக்கச் சொல் ஒன்றுக்கு அது போய்விடும். பக்கத்து வீட்டாருக்கும் தெரியாது. பெண்ணின் திருமணம், பையனின் படிப்பு, முதுமைக் காலத்து மருத்துவம் எல்லாம் அந்த ஓர் எண்ணில் இருக்கின்றன. நாம் இன்று இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணமும் இதுவே.

ஏமாற்றுவோர் வரும் வழிகளில் சிலவற்றை அறிந்து வைத்திருந்தால் முகத்தைப் பார்த்தே இனம் கண்டுகொள்ளலாம். முந்திரிக் கொட்டையோ பலாப்பழமோ விற்பனைக்கு உண்டென்று கைப்பேசியில் விளம்பரம் செய்கிறீர்கள். வெளியூரிலிருந்து ஒருவர் அழைக்கிறார். விலை பேசுவதே இல்லை. கேட்ட விலைக்குச் சம்மதம். (நம் பண்ருட்டிச் சந்தையில் பேரம் பேசாத வியாபாரியை எவரேனும் கண்டதுண்டா? அப்போதே ஐயம் எழ வேண்டும்.) முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்கிறார். அழுத்தினால் பணம் வராது, போகும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கொடுப்பதற்கே அது தேவை. இன்று கேட்டதில் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

மற்றொன்று, வாட்ஸ்அப்பில் வரும் செயலி. உழவர் உதவித் தொகையின் பெயரைச் சொல்லி, "தவணை நின்றுவிட்டது, இதை ஏற்றிக் கொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பு வரும். அதன் பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று முடியும். வங்கியின் பெயரிலும், வாகன அபராதத்தின் பெயரிலும், திருமண அழைப்பிதழ் போலவும் வருவதுண்டு. தொட்டு ஏற்றிவிட்டால், உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது உங்களுக்கு முன்பே படித்து வெளியூருக்கு அனுப்பிவிடும். அப்போது எண்ணை நீங்கள் வாயால் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அனுப்பியவர் உங்கள் மைத்துனராக இருக்கலாம். அவர் கைப்பேசியைக் கிருமி பிடித்துக்கொண்டு, அவர் பெயரால் ஊரெங்கும் அனுப்புகிறது. ஆகவே தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பது அத்தாட்சி ஆகாது. செயலி வேண்டுமென்றால் கைப்பேசியோடு வரும் பிளே ஸ்டோரில் தேடி, யார் வெளியிட்டது என்று பார்த்து எடுங்கள்.

காவல் துறை என்றும், சி.பி.ஐ. என்றும் சொல்லி வீடியோவில் வந்து, "உங்களைக் கைது செய்துள்ளோம், அறையை விட்டு நகராதீர்" என்று மிரட்டுவோரும் உண்டு. கைப்பேசி வழியே கைது செய்யும் முறை இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு வயலுக்குப் போகலாம். பெரிய நிறுவனத்தில் பிள்ளைக்கு வேலை என்று முன்பணம் கேட்பவர்களைப் பற்றி இவ்வூரில் நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அவ்வறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.

கணினி மையத்தில் ஆதாரையோ வங்கிப் புத்தகத்தையோ படியெடுத்தால், வேலை முடிந்ததும் அங்குள்ள கணினியிலிருந்து அக்கோப்பை அழிக்கச் சொல்லி, எதிரில் நின்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைரேகையைக் கொண்டு பணம் எடுக்கும் வழியை நீங்கள் பயன்படுத்துவதில்லையென்றால், ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் ரேகையைப் பூட்டி வைக்க வசதி உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

கடவுச்சொல்லை எப்படி அமைப்பது என்பது பலர் கேட்கும் கேள்வி. பெயரையும் 123 ஐயும் சேர்த்து எழுதுவதே இந்நாட்டின் தேசியக் கடவுச்சொல் என்று சொல்லத்தக்க நிலையில் இருக்கிறது. பிறந்த ஆண்டும், வண்டி எண்ணும் ஊருக்கே தெரிந்தவை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களை நீளமாகச் சேர்த்து வைப்பது நல்லது. உங்கள் வீட்டுப் பசுவின் நிறம், பாட்டி செய்யும் ஒரு பலகாரம், சிறுவயதில் நீந்திய ஏரி என்று மூன்றையும் சேர்த்தால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது. வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு வேறு என்று பிரித்து வையுங்கள். மின்னஞ்சலின் சொல்லைத் தனியாகக் காக்க வேண்டும். மற்ற சொற்களை மாற்றும் வழி பெரும்பாலும் அதன் மூலமே செல்கிறது. நினைவில் நிற்காதென்று அஞ்சுவோர் ஒரு நோட்டில் எழுதி, நகை வைக்கும் பெட்டியில் பூட்டி வைக்கலாம். எழுதவே கூடாது என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டைவிட, எல்லா இடத்துக்கும் ஒரே சொல் என்பதே பேராபத்து.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு மறைத்து வைப்பதே பெரிய கேடு. படித்தவர்களும், மருத்துவர்களும், ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். களவு போன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஏ.டி.எம்மில் எடுப்பதற்கு முன் அதை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அவ்வெண்ணின் பின்னால் இருக்கிறது. அதே மணி நேரத்தில் சொன்னவருக்கும், மறுநாள் மைத்துனரைக் கலந்துகொண்டு சொன்னவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 6 ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் தாமே இரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்றும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றும் வகுத்தது. எனவே தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

ஒன்றிய அலுவலகத்தின் சார்பில் சில ஏற்பாடுகளைச் சொல்லி முடிக்கிறோம். இம்மாத இறுதிக்குள் ஒவ்வோர் ஊராட்சியிலும் எத்தனை டோக்கன்கள் உள்ளன, எவை யார் வசம் உள்ளன என்று பதிவேடு எழுதப்படும். இரண்டு டோக்கன்கள் ஓரிடத்தில் இருந்தால் அன்றே பிரித்து உரியவரிடம் ஒப்படைத்து ஒப்புகை பெறப்படும். வெளிக் கடைகளில் உள்ளவை திரும்பப் பெறப்படும். பொறுப்பு மாறியவர்களின் பெயரில் உள்ள கையொப்பங்களை நீக்கக் கடிதம் எழுதுவோம். இக்கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் நம் பணியாளர் இருவர் இருப்பார்கள். கடவுச்சொல்லையும் இரகசிய எண்ணையும் மாற்றிக்கொள்ள விரும்புவோர் தத்தம் கைப்பேசியோடு வரலாம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவர்கள் காட்டுவார்கள். புதிய சொல்லை நீங்கள் எழுதும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். திருப்பாவிட்டால் திருப்பச் சொல்லுங்கள். முதலில் தாய்மார்கள் வரட்டும். அவர்களுக்குப் பேருந்து ஐந்து மணிக்கு.